சங்கரநாராயணக் கலவை

கரமனை அக்ரஹாரத்தில் அந்த வீட்டுக்குப் பின்வாசல் வழியாகத்தான் செல்வமணி வேலைக்கு வருவாள். கிணற்றடியைத் தாண்டி, துவைக்கிற கல்லைச் சுற்றி, அடுக்களைப் படி ஏற வேண்டும். வைகாசி நடுவில் எடவப்பாதி மழை தொடங்கினால் அந்தத் தரை முழுக்கப் பாசி பிடித்துவிடும். ஒருநாள் பாத்திரக் கூடையோடு வழுக்கி விழுந்தாள். முழங்கையில் நல்ல சிராய்ப்பு. கூடையிலிருந்த டபரா ஒன்று நசுங்கிப் போயிற்று. வீட்டிலிருந்தவர்கள் டபராவைப் பற்றி விசாரித்தார்கள்.

மறுநாள் காலை வந்து பார்த்தால் கிணற்றடியிலிருந்து படி வரைக்கும் புதிதாகச் சிமெண்ட் பூசியிருந்தது. கால் பிடிப்பதற்காக அதில் குறுக்கும் நெடுக்குமாக ஈர்க்குச்சியால் கோடு இழுத்திருந்தது. மழை கரைத்துவிடாமலிருக்க மேலே ஒரு தார்ப்பாய் வேறு. அந்தத் தார்ப்பாய் முந்தின நாள் வரை கொல்லையிலிருந்த ஷெட்டின் கூரையில் கிடந்தது. ஷெட்டுக்குள் வன்னியபெருமாள் நனைந்த பாயைச் சுருட்டிச் சுவரில் சாத்திவிட்டு, தலை துவட்டிக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, இந்தக் கோடு நீங்க போட்டதா?”

“எந்தக் கோடு?”

“கிணத்தடியில.”

“பூனை கீறியிருக்கும்.”

“பூனை சிமெண்டும் குழைக்குமோ?”

“இந்த ஊர்ப் பூனைக்கு என்னதான் தெரியாது!” என்று சொல்லி, துண்டை உதறிக்கொண்டு வெண்டைச் செடியைப் பார்க்கப் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, செல்வமணியும் எடுக்கவில்லை. அவள் அதில் வழுக்கவும் இல்லை.

வன்னியபெருமாளுக்குச் சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமம். மீசை முளைத்த புதிதில் திருவனந்தபுரத்துக்குக் கட்டட வேலைக்கு வந்தார். கொத்தனார் ஆகவேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்ததில்லை. கலவை போடுவதுதான் வேலை. மணலையும் சிமெண்டையும் குவித்து, நடுவில் குழி பறித்து, தண்ணீர் ஊற்றி, மம்பட்டியால் புரட்டிப் புரட்டி எடுப்பார். அதிலேயே அவருக்கு ஒரு வேதாந்தம் பிறந்துவிட்டது.

“உலகத்துல எதுவும் தனியா நிக்காது தங்கச்சி. சிமெண்டைத் தனியா பூசு, வெடிக்கும். மணலைத் தனியா பூசு, உதிரும். கலந்தாத்தான் சுவரு.”

சாப்பாட்டிலும் அப்படித்தான். சோற்றைக் குவித்து, நடுவில் குழி பறித்து, சாம்பாரையும் ரசத்தையும் மோரையும் ஒன்றாக ஊற்றிப் புரட்டுவார். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

முதுகு பிடித்துக்கொண்ட பிறகு கட்டட வேலை முடியவில்லை. இந்த வீட்டு மதிலில் விரிசல் அடைக்க வந்தவர் அப்படியே கொல்லை ஷெட்டில் தங்கிவிட்டார். தோட்டத்தைப் பார்த்துக்கொள்வது, தண்ணீர் விடுவது, ராத்திரி கேட்டைப் பூட்டுவது. ஷெட்டுச் சுவரில் ஒரே ஒரு படம்: சங்கரநாராயணர். வலப்பாதி சிவன், இடப்பாதி பெருமாள். படத்துக்குக் கீழே ஒரு டப்பாவில் ஊர்க் கோவிலில் பிரசாதமாகத் தருகிற புற்றுமண். முதுகு வலித்தால் முதுகில் பூசுவார். கத்தரிச் செடி வாடினால் கத்தரிச் செடியின் அடியில் போடுவார். எது பிழைத்தாலும் அந்தக் கோவில் கோமதி அம்மன் புண்ணியம்.

வீட்டின் முன்பாதியில் ராமசுப்ரமணியன் இருந்தார், ரிட்டயர் ஆனவர். பின்பாதியில் அவருடைய தங்கை ஜெயலக்ஷ்மி, கணவரை இழந்தவர். இருவரும் பேசிக்கொள்வதில்லை. காரணம் ஒரு கறிவேப்பிலை மரம். அவர்களுடைய அப்பா வைத்த மரம் அது. அப்பா போன வருஷமே மரமும் வாடத் தொடங்கியது. அண்ணா வேப்பம்பிண்ணாக்கும் சாணியும் கொண்டுவந்து கொட்டினார். தங்கை, தன் கணவர் உர டிப்போவில் வேலை பார்த்தவர் என்ற உரிமையில், இரண்டு கை நிறைய யூரியா போட்டாள். மரம் பட்டுப்போயிற்று. உன் உரத்தால் செத்தது என்று இவரும், உங்கள் பிண்ணாக்கால் செத்தது என்று அவளும். அன்றைக்கு நின்ற பேச்சு, ஆறேழு வருஷமாகச் செல்வமணியின் வாய் வழியாகத்தான் போய் வந்தது.

“செல்வமணி, அடுக்களைல இருக்கறவாகிட்ட சொல்லு, மோட்டார் ஓடிண்டிருக்கு.”

அடுக்களையில் இருப்பவருக்கு அது காதில் விழத்தான் செய்யும். இருந்தாலும் செல்வமணி போய்ச் சொல்வாள். “மாமி, மோட்டார் ஓடுதாம்.”

“ஓடட்டும்னு சொல்லு. தண்ணி நெறஞ்சா வழியும். அவரோட பிண்ணாக்கு அறிவு வழியற மாதிரி.”

அதையும் செல்வமணி கொண்டுபோவாள். ஆனால் வழியில் கடைசி வரியைக் கிணற்றில் போட்டுவிடுவாள். பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கும்போது அவள் கேட்கிற வரம் ஒன்றே ஒன்று: இந்த இரண்டு பேரும் நேரில் பேசிக்கொள்ள வேண்டும், தன் வாய்க்கு ஓய்வு கிடைக்க வேண்டும்.

அந்த வருஷம் மாசியில் ஒருநாள், அண்ணாவும் தங்கையும் அதிசயமாக ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள்.

“வர்ற அப்பா திதிக்குக் கொல்லைக் காய்தான் வேணும்னு சொல்லு. அப்பாவோட மண்ணாக்கும். காய்க்கலைன்னா இந்தத் தோட்டமே வேண்டாம். சிமெண்ட் போட்டுக் கார் நிறுத்தற இடமாக்கிடலாம். என் மாப்பிள்ளை வந்தா தெருவுலன்னா நிறுத்த வேண்டியிருக்கு,” என்றார் ராமசுப்ரமணியன்.

“நானும் அதையேதான் நெனச்சேன்னு சொல்லு. அந்த ஷெட்டையும் இடிச்சுடலாம்னு சொல்லு.”

வெண்டைப் பாத்தியில் குந்தியிருந்த வன்னியபெருமாள் நிமிர்ந்து பார்த்தார். செல்வமணி அருகில் போனாள்.

“கேட்டீங்களா அண்ணாச்சி?”

“கேட்டேன்.” ஷெட்டைக் கை காட்டினார். “இந்த முதுக வச்சுக்கிட்டு நான் எங்க போயிப் படுக்கது? அதக் கூட விடு. ஷெட்ட இடிச்சுச் சிமெண்ட் போடணும்னா, அதுக்குக் கலவையும் என்னையில்லா போடச் சொல்லுவாங்க!”

திதிக்கு ஆகிற காய் என்று புடலையும் பாகலும் நட்டார். விதை முளைத்ததும் இரண்டு பக்கத்திலிருந்தும் உத்தரவு வந்தது. ஜைவ வளம் மட்டும்தான் போட வேண்டும் என்றார் ராமசுப்ரமணியன். ராசவளம் போடாவிட்டால் பூகூட வராது என்றாள் ஜெயலக்ஷ்மி. மலையாளத்தில் உரத்துக்கு வளம் என்று பெயர். ஜைவம் என்றால் இயற்கை, ராசம் என்றால் ரசாயனம். இத்தனை வருஷம் அந்த ஊரில் இருந்தும் வன்னியபெருமாளுக்கு மலையாளம் சிமெண்ட் கடை வரைக்கும்தான் போகும். ‘ஜ’ இருக்கிற இடத்தில் அவர் காதில் ‘ச’ விழுந்தது. ‘ச’ இருக்கிற இடத்தில் ‘ஜ’ விழுந்தது. ஒன்று சைவ வளம். இன்னொன்று ராஜவளம்.

“எனக்கு இப்பத்தான் வெளங்குது தங்கச்சி,” என்று அன்று மத்தியானம் கிணற்றடியில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார். “இது உரச்சண்டை இல்ல. சாமிச்சண்டை.”

“எந்தச் சாமி?”

“சார் கேக்கது சைவ வளம். அதாவது சிவன் கட்சி. மாமி கேக்கது ராஜவளம். இந்த ஊருக்கு ராஜா யாரு? பத்மநாபசாமி. அப்ப மாமி பெருமாள் கட்சி.”

“ரெண்டுபேரும் அண்ணன் தங்கச்சிலா அண்ணாச்சி?”

“எங்கூர் கதை தெரியும்லா? சங்கன்னு ஒரு நாகராஜா, சிவன்தான் பெருசுன்னான். பதுமன்னு இன்னொருத்தன், பெருமாள்தான் பெருசுன்னான். அம்மா கோமதி ஒத்தக்கால்ல நின்னு தவம் இருந்து, ரெண்டு சாமியையும் ஒரே உடம்புல வரவழைச்சா. பாம்பு ரெண்டும் வாயடச்சுப் போச்சு. அதான் வழி. பாதி சைவம், பாதி ராஜம். சங்கரநாராயணம்.”

“தவம் யாரு இருக்கது?”

“நான்தான். ஒத்தக்கால்ல நிக்க முதுகு விடாது. உக்காந்து இருக்கேன்.”

மறுநாள் காலை அவர் தெரிந்த விதத்தில் கலவை போட்டார். ஒரு கூடை சாணிக்குப் பக்கத்தில் மாமி கொடுத்த யூரியாவைக் குவித்தார். சிவனுக்குத் திருநீறு இல்லாமல் எப்படி என்று இரண்டு வாளி அடுப்புச் சாம்பலும் சேர்த்தார். நடுவில் குழி பறித்தார். தண்ணீர் ஊற்றினார். மம்பட்டியால் புரட்டினார்.

நெடி கிளம்பியது. முதலில் காக்கைகள் பறந்தன. அப்புறம் எதிர்வீட்டில் கேஸ் சிலிண்டர் ஒழுகுகிறது என்று கூச்சல் போட்டு மெயின் ஸ்விட்சை அணைத்தார்கள். ராமசுப்ரமணியன் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடினார். செல்வமணி கண்ணெரிச்சல் தாங்காமல் பொலபொலவென்று கண்ணீர் விட்டபடி பாத்திரம் தேய்த்தாள். இவளுக்கு என்ன கஷ்டமோ என்று நினைத்து ஜெயலக்ஷ்மி ஒரு டம்ளர் காப்பியும் ஆறுதலும் கொடுத்தாள். நெடிக்கு நடுவில், இடுப்பில் துண்டைக் கட்டி, கண்ணை மூடிக்கொண்டு, “சங்கரா, நாராயணா” என்று வன்னியபெருமாள் புரட்டிக்கொண்டே இருந்தார். அந்தக் கலவையைச் சூட்டோடு சூடாகச் செடிகளின் தண்டை ஒட்டிக் கொத்தனார் பூசுவதுபோல் அப்பிவிட்டார்.

சில நாளில் புடலங்கொடியின் இலை ஓரமெல்லாம் கருகியது. பாகல் தலை தொங்கியது. வன்னியபெருமாள் சோறு தின்னாமல் செடிகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

“ரெண்டு சாமியும் என் கையில ஒத்துப்போக மாட்டேங்கு தங்கச்சி,” என்றார்.

செல்வமணிக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்து வீட்டு மாடிச்செடிகளைப் பார்க்க விவசாய அலுவலகமான கிருஷி பவனிலிருந்து ஆர்யா என்ற பெண் ஸ்கூட்டரில் வருவாள். அவளை வழிமறித்துக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். ஆர்யா கலவையின் மிச்சத்தைப் பார்த்தாள், முகர்ந்தாள், இரண்டடி பின்னால் போனாள்.

“ஐயோ சேட்டா! யூரியாவையும் சாம்பலையும் ஒண்ணா கலக்கான் பாடில்ல, கலக்கவே கூடாது கேட்டோ. சத்து முழுக்க வாயுவா போயிரும். உங்க மூக்குல ஏறிச்சே, அதாணு செடிக்குப் போக வேண்டிய சத்து.”

“அப்ப தெரு பூரா சத்தத் தின்னுட்டுதா?”

“அதே! முதல்ல மக்கின சாணி, அதோட கொஞ்சம் எல்லுபொடி. மண்ணுல கலந்து விடுங்க. அது மண்ணை இளக்கும், ஈரத்தைப் பிடிச்சு வைக்கும். ரெண்டு ஆழ்ச்ச, ரெண்டு வாரம் கழிச்சு ராசவளம். கொறைச்சு மதி, ஒரு கொடிக்கு ஒரு ஸ்பூன் போதும். தண்டுல தொடவே கூடாது. சுத்தி வட்டமா, நனைஞ்ச மண்ணுல. ராசவளம் உடனே குடுக்கும், சாணி நின்னு குடுக்கும். ரெண்டும் வேணும். ஒரே குவியலா வேணாம், அவ்வளவுதான், அத்றயேயுள்ளு.”

வன்னியபெருமாள் முகத்தில் விளக்கேற்றினதுபோல் ஒரு வெளிச்சம். ஆர்யா போனதும் செல்வமணியைப் பார்த்துச் சொன்னார்:

“கேட்டியா? முதல்ல சிவன் சந்நிதி. பெறகு பெருமாள் சந்நிதி. நான் ரெண்டு கர்ப்பக்கிரகத்தையும் இடிச்சு ஒண்ணாக்கிட்டேன், அதான் கோவம்.”

பிறகு அப்படியே செய்தார். கருகினதைக் கிள்ளி எறிந்துவிட்டு, மண்ணைக் கொத்தி மக்கின சாணி போட்டார். எல்லுபொடி வாங்க அவரே உரக்கடைக்குப் போனார். அவர் காதில் அது எள்ளுப்பொடி என்று விழுந்திருந்தது. அதில் அவருக்கு ஆச்சரியமும் இல்லை. திதிக்கு எள்ளு இல்லாமலா? தகப்பனார் காரியத்துக்கு எள்ளிலேயே காய் வளர்ப்பது எவ்வளவு விசேஷம்! ஆர்யா கொஞ்சம் என்றாள். இவர் பக்தியில் கொஞ்சம் கூடவே போட்டார்.

சிவன் முறை முடிந்து, சொன்ன நாளில் பெருமாள் முறையும் வந்தது. ஒரு கொடிக்கு ஒரு ஸ்பூன், தண்டைத் தொடாமல், பிரகாரம் சுற்றுகிற மாதிரி வட்டமாக. போடும்போது செருப்பைக் கழற்றிவிடுவார். அண்ணா எட்டிப் பார்த்தால் சாணிக்கூடை தெரியும். தங்கை எட்டிப் பார்த்தால் ஸ்பூன் தெரியும். இருவருக்கும் திருப்தி.

வைகாசியில் பந்தல் நிறையப் புடலங்காய் இறங்கியது. வளையாமல் நேராக வளரட்டும் என்று ஒவ்வொன்றின் நுனியிலும் நூலில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டார். காற்றடித்தால் கல்லெல்லாம் ஆடும். பந்தலுக்குள் குனிந்து போகிற செல்வமணியின் தலையில் ஒன்றாவது இடிக்காத நாளில்லை.

“ஜைவம்னா இதுதான் ஜைவம்னு சொல்லு!” என்றார் ராமசுப்ரமணியன்.

“ராசவளத்தோட மகிமைன்னு சொல்லு!” என்றாள் ஜெயலக்ஷ்மி.

செல்வமணி இரண்டையும் கிணற்றில் போட்டாள்.

திதிக்கு முந்தின நாள் சாயங்காலம் காய் பறித்தார்கள். அண்ணா முன்பக்கத் தாழ்வாரத்தில், தங்கை அடுக்களைப் படியில், நடுவில் கூடையோடு வன்னியபெருமாள். அந்த நேரம் பார்த்து, பக்கத்து வீட்டுக்கு வந்த ஆர்யா மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

“கொள்ளாமல்லோ சேட்டா, நல்லா காய்ச்சிருக்கே! எல்லுபொடி நல்லா வேலை செஞ்சிருக்கு!”

“ஆமா தாயி. எள்ளுப்பொடி திதிக்கு விசேஷம்லா.”

“எள்ளு இல்ல சேட்டா. எல்லு.” ஆர்யா தன் முழங்கையை இரண்டு தடவை தட்டிக் காட்டினாள். “எலும்பு. மாட்டெலும்பு பொடிச்சது.”

புடலங்காய் ஒன்று வன்னியபெருமாள் கையிலிருந்து நழுவியது. நெடுஞ்சாண்கிடையாக மண்ணில் விழுந்தது. என்னவோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று தெரிந்து ஆர்யா மதிலுக்குக் கீழே மறைந்தாள்.

முதலில் ஜெயலக்ஷ்மி எழுந்தாள். “அண்ணா!” என்றாள். செல்வமணி வழக்கம்போல் சேதியை எடுத்துப்போக ஓரடி வைத்தாள். ஆனால் எடுத்துப்போக ஒன்றும் மிச்சமிருக்கவில்லை. “ஜைவமாம் ஜைவம்! அப்பா திதிக்கு எலும்பா? என் ராசவளத்துல ஒரு எறும்போட எலும்பு உண்டா?”

“எனக்குத் தெரியுமா? நான் சாணின்னுதான் சொன்னேன்! அந்தக் கறிவேப்பிலையைக் கொன்னவள்தானே நீ!”

“கொன்னது நானா? ஒரு மூட்டைப் பிண்ணாக்கைக் கழுத்து வரைக்கும் கொட்டினது யாரு?”

“சாக்கடைக்குக் கொட்டற மாதிரி யூரியா கொட்டினது யாரு?”

ஆறேழு வருஷத்துப் பேச்சு மடை திறந்துகொண்டது. பேச்சில் மாப்பிள்ளையின் கார் வந்தது, அப்பாவின் சாய்வு நாற்காலியை யார் எடுத்துப்போனது என்பது வந்தது, இன்னும் என்னென்னவோ. வன்னியபெருமாள் மெதுவாக ஷெட்டுக்குள் போனார். படத்தைக் கழற்றி ஒரு பையில் வைத்தார். பாயைச் சுருட்டினார். வெளியே வந்து இருவருக்கும் நடுவில் கைகட்டி நின்றார்.

“சாரு, மாமி. தப்பு எம்பேர்லதான். சைவ வளம்னு நீங்க சொன்னத நம்புனேன். சைவத்துக்குள்ள எலும்பு இருக்கும்னு எங்க ஊர்ல யாரும் சொல்லித் தரல. சிமெண்ட் போடணும்னா சொல்லுங்க, கலவையப் போட்டுக் குடுத்துட்டுப் போறேன்.” தொண்டையைச் செருமினார். “எனக்கு வேற ஒரு சங்கடம். அத யார்ட்ட சொல்லதுன்னு தெரியல.”

“என்ன சங்கடம்?” என்றார் ராமசுப்ரமணியன் எரிச்சலாக.

“மிச்சப் பொடிய வீணாக்க வேண்டாம்னு, நல்லெண்ணெய் ஊத்திக் குழைச்சு இட்லிக்குத் தொட்டுக்கிட்டேன்.”

“இட்லிக்கா?”

“ஆமா. திங்கக்கிழமை விரதத்துக்கு. எள்ளு கொஞ்சம் பழசுன்னு நெனச்சேன். ஆனாலும் முதுகு வலி கொஞ்சம் தேவலைதான்.”

ஜெயலக்ஷ்மி முந்தானையால் வாயைப் பொத்தினாள். ராமசுப்ரமணியனின் வயிறு குலுங்கத் தொடங்கியது. அப்புறம் இருவரும் ஒரே நேரத்தில் வெடித்தார்கள். அண்ணா தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தங்கை படியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். சிரிக்க என்ன இருக்கிறது என்று புரியாமல் வன்னியபெருமாள் செல்வமணியைப் பார்த்தார். செல்வமணி வானத்தைப் பார்த்து, பழவங்காடித் திசையில் ஒரு கும்பிடு போட்டாள்.

காய் ஆகுமா ஆகாதா என்று கேட்க திதி பண்ணிவைக்கிற வாத்தியாருக்குப் போன் போட்டார்கள். ஸ்பீக்கரில் வாத்தியார் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

“பூமிக்குள்ள என்னென்ன செத்து மக்கியிருக்குன்னு யார் கண்டா? மண்ணுக்குள்ள போனது மண்ணு. புடலங்காய்க்குள்ள எலும்பு இருக்கா? இல்லியே. நன்னா அலம்பிட்டு நறுக்குங்கோ. எனக்கு நாளைக்கு இன்னும் ரெண்டு ஆத்துல காரியம் இருக்கு. அந்த இட்லி சாப்பிட்டவர் சௌக்கியமா இருக்காரோன்னோ?”

“சௌக்கியம் சாமி,” என்றார் வன்னியபெருமாள் போனைப் பார்த்துக் கும்பிட்டபடி.

திதி நடந்தது. புடலங்காய்க் கறிக்குத் தேங்காய் போதாது என்று அண்ணாவும், போதும் என்று தங்கையும் விடியற்காலையிலிருந்தே நேருக்கு நேர் சண்டை போட்டார்கள். சிமெண்ட் பேச்சு அப்படியே அமுங்கிப் போயிற்று. கார் எந்தப் பக்கம் நிற்பது என்று ஆரம்பித்தால் அது முடியாது என்று இருவருக்கும் தெரியும். அண்ணா சாணி போடுகிற நாளில் தங்கை வந்து நின்று குறை சொன்னாள். தங்கை ஸ்பூன் எடுக்கிற நாளில் அண்ணா வந்து அளவு பார்த்தார். வன்னியபெருமாள் படத்தைத் திரும்பவும் ஆணியில் மாட்டினார். செல்வமணியின் வாய்க்கு ஓய்வு, காதுக்குத்தான் இல்லை.

ஆடி பிறந்ததும், கோமதி அம்மன் தவமிருந்த ஆடித்தபசுத் திருவிழாவை ஊரில் பார்க்க வேண்டும் என்று வன்னியபெருமாள் புறப்பட்டார். பத்து நாளில் வந்துவிடுவதாகத்தான் சொன்னார். வரவில்லை. தபசுக் காட்சியைக் கண் குளிரப் பார்த்துவிட்டு வந்து, ஊரில் கட்டிக்கொடுத்திருந்த மகள் வீட்டில் படுத்தவர் எழுந்திருக்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார் என்று ஆவணியில் போன் வந்தது. மாமியும் சாரும் அன்றைக்கு மட்டும் சண்டை போடவில்லை.

அவர் ஊருக்குப் புறப்பட்ட அன்று கரமனை பஸ் நிறுத்தம் வரைக்கும் செல்வமணிதான் கூடப் போனாள். கோமதி அம்மனுக்கு என்று இருந்ததிலேயே நீளமான புடலங்காயைப் பழைய வேட்டியில் சுற்றி எடுத்திருந்தார். நாகர்கோவில் பஸ் வந்தது. அவர் ஏறும்போது துணி விலகி நுனி எட்டிப் பார்க்க, சீட்டிலிருந்த ஒரு அம்மா “பாம்பு! பாம்பு!” என்று காலைத் தூக்கிக்கொண்டாள். “பாம்பு இல்ல தாயி, சங்கரநாராயணம்,” என்றார் இவர். கண்டக்டர் புடலங்காயைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், விசில் ஊதினார். பஸ் நகர்ந்தது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி வன்னியபெருமாள் கத்தினார்:

“ஏ செல்வமணி! புடலைக்குக் கல்லு கட்ட மறந்துராத! சாருக்கும் மாமிக்கும் மட்டும் கட்டிராத, கேட்டியா? அதுக வளைஞ்சே காய்க்கட்டும்!”